தலை கொடுத்த தனபாலன்

செய்தி வந்தபோது நான் சிங்கப்பூரின் சாங்கியில், வேலையில் இருந்தேன். விமானச் சரக்குக் கிடங்கில் மதியச் சாப்பாட்டு நேரம். பொட்டலத்தைப் பிரித்து இரண்டு வாய்கூட உண்டிருக்க மாட்டேன், தனபாலனின் மனைவி மல்லிகா அண்ணி அழைத்தார்.

"தம்பி, அவர் போயிட்டாரு. இப்பதான். நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. வர்றதுக்கு முன்னாடி அந்த டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிடுங்க. நேரமாயிட்டா பிரயோஜனம் இல்லைன்னு சொன்னாங்கல்ல."

அவர் குரலில் அழுகை இல்லை. அழுவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று அவருக்கு இருந்தது. "அந்த டாக்டர்" என்று அவர் சொன்னது தனபாலனுக்கு வைத்தியம் பார்த்தவரை அல்ல. இறந்தவர்களின் மூளையை ஆராயும் குழுவைச் சேர்ந்த ஒருவரை. நான் கிடங்கின் வாசலில் வெயிலில் நின்றுகொண்டு முதலில் அவருக்குத்தான் தொலைபேசினேன். பிறகுதான் மேலாளரிடம் விடுப்பு கேட்கப் போனேன்.

தனபாலனைக் காற்பந்துத் திடலில் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். தற்காப்பின் நடுவில் நெடுமரம்போல நின்று, உயரத்தில் வரும் எந்தப் பந்தையும் தலையால் முட்டித் திருப்பி அனுப்பியவர். பின்னாளில் கோடு போட்ட சட்டையும் கையில் தண்ணீர்ப் போத்தலுமாகத் திடலோரம் நடந்த பயிற்றுவிப்பாளராகவும் அவரைப் பார்த்திருப்பீர்கள். நான் பல ஆண்டுகள் அவருக்குப் பின்னால் நின்ற கோல்காப்பாளன். ஆட்ட நாட்களில் நான் அதிகம் பார்த்தது அவருடைய முதுகைத்தான். அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் "கீப்பர்"தான்.

குழுவில் நான் சேர்ந்த முதல் வாரம், பயிற்சி முடிந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். மார்சிலிங்கில் வளர்ந்தவர், கப்பல் பட்டறைத் தொழிலாளியின் இளைய மகன், அப்போதே பெயர் பெற்ற ஆட்டக்காரர். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

"நீ ரொம்ப அமைதியா இருக்கே. எனக்குப் பின்னால கண்ணு கிடையாது, கீப்பர். யாரு வர்றான், எங்க வர்றான்னு நீதான் கத்தணும். கெட்ட வார்த்தையா இருந்தாலும் பரவாயில்லைலா, கத்து."

அதற்குப் பிறகு நான் கத்தினேன். "பாலண்ணே, இடது பக்கம்", "பாலண்ணே, விடுங்க", "பாலண்ணே, உங்க பந்து". கடைசியாகச் சொன்னதைத்தான் அதிகம் கத்தியிருப்பேன். 'உங்க பந்து' என்றால் போதும், யார் முழங்கை எங்கே இருக்கிறது, யார் தலை எங்கே வருகிறது என்று பார்க்காமல் எழும்புவார். அந்தக் காலத்துப் பந்து மழையில் நனைந்தால் செங்கல்போலக் கனக்கும். அது அவர் நெற்றியில் படும் ஓசை கோல் கம்பத்தடியில் நிற்கும் எனக்குத் தெளிவாகக் கேட்கும். பயிற்சி முடிந்து எல்லாரும் குளிக்கப் போன பிறகும், உதவிப் பயிற்றுவிப்பாளர் ஒருவரை நிறுத்தி வைத்துப் பந்தை உயரமாக அடிக்கச் சொல்லி முட்டிக்கொண்டே இருப்பார். இருட்டினால்தான் நிறுத்துவார். அதுதான் அவர் தொழில். அதற்காகத்தான் சம்பளம் தருகிறார்கள் என்று அவர் நம்பினார். அது உண்மையும்கூட.

எல்லைக்கு அப்பால், ஜொகூரில் ஓர் ஆட்டம். கார்னர் பந்துக்கு அவரும் எதிரணித் தாக்குதல் ஆட்டக்காரர் ஒருவரும் ஒன்றாக எழும்பித் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். பாலண்ணன் புல்லில் விழுந்து அசையாமல் கிடந்தார். முகத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். எழுந்தார், தலையை உலுக்கிக்கொண்டார், முடியும்வரை ஆடினார். நாங்கள் வென்றோம். திரும்பும் வழியில், பேருந்து பாலத்தைக் கடந்துகொண்டிருந்தபோது, என் பக்கத்தில் இருந்த பாலண்ணன் கேட்டார்: "கீப்பர், இன்னிக்கு ஆட்டம் எத்தனை மணிக்கு?"

பேருந்தே சிரித்தது. உட்லண்ட்ஸ் வரும்வரை சிரித்தோம். அவரும் சிரித்தார். மறுநாள் பயிற்சிக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார். அவருடைய கல்யாண விருந்தில் அந்தக் கதையைச் சொன்னார்கள், ஓய்வு பெற்றபோதும் சொன்னார்கள். எங்கள் எல்லாரையும்விட அவர்தான் அதை நன்றாகச் சொல்வார். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நரம்பியல் மருத்துவரின் அறையில் அண்ணி அதே கதையைச் சொன்னார். மருத்துவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

முழங்கால் போன பிறகு அவர் ஆட்டத்தை விட்டார், பயிற்றுவிப்பாளர் ஆனார். ஜூரோங் பக்கம் இருந்த ஒரு குழு, பட்டியலின் அடியில் கிடந்தது. வேறு யாரும் ஏற்க விரும்பாத வேலை. கோல்காப்பாளர்களைப் பார்த்துக்கொள்ள என்னையும் அழைத்துக்கொண்டார். சாங்கியில் முறைமாற்று வேலை முடித்து, மாலையில் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ரயிலில் போவேன். நான் சேருவதற்குள் அவர் திடலில் கூம்புகளை அடுக்கி முடித்திருப்பார்.

முதல் பருவத்தில் தோற்றோம், தோற்றுக்கொண்டே இருந்தோம். ஒரு தோல்விக்குப் பிறகு குழு நிர்வாகத்தின் தலைவர் கோபமாக உடைமாற்றும் அறைக்கு வந்தார். பாலண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு வாசலை மறைத்து நின்றார். "உள்ள இருக்கறவங்க ஆடுனாங்க. தோத்தது நான். என்கிட்டப் பேசுங்க" என்றார். தலைவர் பேசினார், நன்றாகவே பேசினார். அறைக்குள் இருந்த ஒவ்வொருவருக்கும் அது கேட்டது. பாலண்ணன் அசையாமல் வாங்கிக்கொண்டு, பிறகு உள்ளே வந்து, "பஸ் காத்திருக்கு, சீக்கிரம்" என்று மட்டும் சொன்னார். அடுத்த பருவத்தில் அந்தக் குழு அவருக்காக ஓடியது.

அந்தக் குழுவில்தான் ஹக்கீம் இருந்தான். அவனும் தற்காப்பின் நடுவில் ஆடுபவன். நல்ல உயரம், ஆனால் பந்து தலைக்கு வரும்போது கண்ணை மூடிக்கொள்வான். பாலண்ணன் அவனைத் தனியாக நிறுத்தினார். "பயந்தா கண்ணு மூடும். கண்ணை மூடினா பந்து உன்னை அடிக்கும். தொறந்து வச்சா நீ பந்தை அடிப்பே." மலாயில்தான் சொன்னார், மலாய் அவருக்குத் தமிழைப்போலவே வரும். மாதக்கணக்கில் அவனை முட்ட வைத்தார். ஹக்கீம் கண்ணை மூடுவதை நிறுத்தினான். பிறகு அவன் அந்தக் குழுவின் தலைவனானான், சிங்கப்பூருக்கும் ஆடினான். தான் செய்தவற்றில் பாலண்ணன் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு அழைப்பு வந்தது. தேக்கா சந்தைக்கு ஆட்டிறைச்சி வாங்க வந்திருந்தார். "கீப்பர், காரை எங்க நிறுத்தினேன்னு தெரியலை. நீ பக்கத்துலதானே இருக்கே?" நான் போனபோது பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மூன்றாம் தளத்தில் நின்றிருந்தார். கையில் இறைச்சிப் பை, கீழே சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் ஒவ்வொரு தளமாக ஏறினோம், இறங்கினோம். அவர் வண்டி எண்ணைச் சரியாகச் சொன்னார், நிறத்தைச் சொன்னார், ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தியதாகவும் சொன்னார். மறுபடியும் கீழே வந்தபோது, ஒருவேளை வேறு கட்டடமாக இருக்குமோ என்று கேட்க அண்ணிக்குத் தொலைபேசினேன்.

"தம்பி, காரை வித்து ரெண்டு வருசம் ஆச்சே," என்றார் அண்ணி. "ரயில்லதான் போனாரு. கூட்டிக்கிட்டு வந்துடுங்க. அவர்கிட்ட எதுவும் சொல்லாதீங்க."

"ரயில்ல போயிடலாம்ணே, பிறகு வந்து எடுத்துக்கலாம்" என்றேன். சரி என்றார். ஃபேரர் பார்க் பக்கமாக நடந்தோம். பாதி வழியில் நின்று என்னைப் பார்த்தார். "வித்துட்டோம்ல," என்றார். ஆமாம் என்றேன். மார்சிலிங்கில் அவர் வீடுவரை கொண்டுபோய் விட்டேன்.

அதே பருவத்தில் ஓர் ஆட்டத்தின் இடைவேளை. ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். அவர் வெள்ளைப் பலகையில் அம்புக்குறிகள் போட்டு, இரண்டாம் பாதியில் யார் யாரைக் கவனிக்க வேண்டும் என்று விளக்கினார். குரல் தெளிவாக இருந்தது, திட்டமும் நல்ல திட்டம். ஆனால் அவர் சொன்ன பெயர்கள் எங்கள் காலத்து எதிரணியின் பெயர்கள். அவர்களில் ஒருவர் அதற்குள் இறந்தே போயிருந்தார். ஆட்டக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். ஹக்கீம் மட்டும் தலையை நிமிர்த்தி, "சரி கோச்" என்றான். நான் பலகைக்குப் பக்கத்தில் போய், அதே அம்புகளுக்கு இன்றைய பெயர்களைச் சொன்னேன். பாலண்ணன் எழுதுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அன்று மாலையே அண்ணியிடம் நடந்ததைச் சொன்னேன். மறுவாரம் மருத்துவரிடம் போனோம்.

அறுபது வயதுகூட நிறையாதவருக்கு மறதிநோய். காற்பந்துதான் காரணம் என்று அந்த மருத்துவர் சொல்லவில்லை. இருக்கலாம் என்றார். உயிரோடு இருக்கும்போது உறுதியாகச் சொல்ல வழியில்லை, மூளையை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும், அது இறந்த பிறகுதான் முடியும் என்றார். பாலண்ணன் மிகவும் தெளிவாக இருந்த நாள் அது.

"செத்த பிறகுதான் தெரியும்னா, செத்த பிறகு பாருங்க," என்றார். "எனக்குத் தெரியப்போறதில்லை. மத்தவங்களுக்காவது தெரியட்டும்."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மருத்துவர் யோசித்துச் சொல்லலாம் என்றார். "யோசிக்க இப்பதான் முடியும்" என்றார் இவர்.

வேலையில் இருந்த கடைசி வாரங்களில் அவர் குழு நிர்வாகத்தைச் சந்தித்தார். சிறுவர் அணிகளில் தலையால் முட்டும் பயிற்சியை அடியோடு நிறுத்த வேண்டும், பெரியவர்களுக்குக் குறைக்க வேண்டும் என்று கேட்டார். நானும் உடன் இருந்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். பெற்றோர் பயந்துவிடுவார்கள் என்றார்கள். மருத்துவரே உறுதியாகச் சொல்லவில்லையே என்றார்கள். அது உண்மைதான். அடுத்த மாதம் உடல்நலக் காரணத்தால் அவர் விலகுகிறார் என்று அறிவித்தார்கள். வழியனுப்பு விருந்தில், அவர் ஆடிய காலத்துச் சட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் குனிந்து, "இது யாருக்கு, கீப்பர்?" என்று கேட்டார்.

அதற்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தார். ஹக்கீமை உட்லண்ட்ஸில் ஒரு கோப்பிக்கடைக்கு வரச் சொன்னார். தனியாகப் போக முடியாது என்பதால் நானும் போனேன். கோப்பி வந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது தப்பு. எனக்குத் தெரியாது, ஆனா தப்பு. ஆட்டத்தை விட்டுடு. இல்லாட்டி நடுவுல ஆடாதே, ஓரத்துக்குப் போ. டாக்டர்கிட்டக் காட்டு."

ஹக்கீமுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. புதிய ஒப்பந்தம் கையில், வீட்டில் இரண்டு குழந்தைகள். வெகுநேரம் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"கோச், எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். நீங்க கத்துக்கொடுத்ததும் இது ஒண்ணுதான். இப்ப வந்து விடுன்னு சொன்னா நான் எங்க போறது?" அவன் குரல் ஏறியது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உங்களுக்கு எல்லாம் முடிஞ்சிருச்சு. அதனால பேசறீங்க."

எழுந்து போய்விட்டான். பாலண்ணன் அவன் விட்டுப்போன குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கோபப்படட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "யாரு அந்தப் பையன்?" என்று கேட்டார்.

அதன் பிறகு நடந்தவற்றை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மறதி மட்டுமல்ல, கோபம் வந்தது. திடலில் எத்தனை பேர் எத்தனை முறை சீண்டியும் கை ஓங்காத மனிதர், வீட்டில் கதவைத் திறக்கவில்லை என்று அண்ணியைச் சுவரோடு தள்ளினார். அண்டை வீட்டார் போலீஸை அழைத்தார்கள். நான் போனபோது இரண்டு இளம் போலீஸ்காரர்கள் கூடத்தில் நின்றிருந்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார், எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணியின் மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது. "அது அவர் இல்லை, தம்பி" என்றார் அண்ணி. அதையே போலீஸ்காரர்களிடமும் ஆங்கிலத்தில் சொன்னார். பாலண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. தனியாகச் சமாளிக்க முடியாத நிலை வந்ததும் அண்ணி அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார். தினமும் வேலை முடிந்து போய் அவருக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு வருவார். கடைசி வருடம் அவர் அண்ணியை நர்ஸ் என்று நினைத்தார். நல்ல நர்ஸ் என்று பாராட்டியும் இருக்கிறார். இறுதியில் நெஞ்சுச்சளி முற்றி மருத்துவமனையில் மூன்று நாள் கிடந்தார்.

சாங்கியிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது, அறைக்கு வெளியே அவருடைய மூத்த அண்ணன் ரத்தினம் அண்ணிமேல் கோபத்தோடு நின்றிருந்தார். கொள்ளி வைக்க வேண்டியவர் ரத்தினம் அண்ணனின் மகன். அதனால் அவர் சொல்லுக்கு எடை இருந்தது.

"ஊர்ல உலகத்துல யாராவது இப்படிச் செய்வாங்களாம்மா? தலையை அறுத்துட்டு உடம்பைக் குடுப்பாங்களா? என் தம்பியை முழுசா அனுப்பணும். இதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்."

அண்ணி இருக்கையிலிருந்து எழுந்தார். ஐந்தடிகூட இருக்கமாட்டார்.

"மாமா, அவர் நல்லா இருக்கையில தன் வாயால சொன்னாரு. இந்தத் தம்பியும் கேட்டாரு. அவர் பேசுனதை வேலையில கேக்கலை. அந்தப் பிள்ளை ஹக்கீம் கேக்கலை. கடைசியில அவருக்கே கேக்கலை. நானும் கேக்காம விட்டா பிறகு யாருதான் கேக்கறது?"

ரத்தினம் அண்ணன் என்னைப் பார்த்தார். ஆமாம், சொன்னார் என்றேன். அவர் சுவரோரம் போய் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சம்மதம் என்று சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. சற்று நேரத்தில் அந்த டாக்டரின் ஆட்கள் வந்தார்கள். மறுநாள் காலை உடலைக் கொண்டுவந்தபோது நெற்றியில் விபூதி பூசியிருந்தது. பார்ப்பவர்களுக்கு வெட்டிய தடம் எதுவும் தெரியவில்லை. ரத்தினம் அண்ணன் மட்டும் வெகுநேரம் குனிந்து தேடினார்.

மார்சிலிங்கில் அவர் வீடு இருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழே உடலை வைத்திருந்தோம். பழைய ஆட்டக்காரர்கள் வந்தார்கள், நொண்டி நடந்து வந்தவர்கள் பலர். சாயங்காலம் ஹக்கீம் வந்தான். பயிற்சி உடையிலேயே வந்திருந்தான். இடது புருவத்துக்கு மேல் புதிய பிளாஸ்திரி. பெட்டியருகே போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அண்ணி அவன் பக்கத்தில் வந்து அந்தப் பிளாஸ்திரியையே பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, படாமல், அதன் அருகில் வைத்து மலாயில் கேட்டார்: "வலிக்குதா?"

அவன் இல்லை என்று தலையசைத்தான். பிறகு ஆமாம் என்று தலையசைத்தான். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து, உடல் மண்டாய் தகனச்சாலைக்குப் புறப்படும்வரை போகவில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டானா என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவன் பெயர் ஆட்டப் பட்டியலில் இருந்தது.

ஆராய்ச்சி முடிவு வர மாதங்கள் ஆகுமாம். என்ன வந்தாலும் அது அவருக்கு உதவப்போவதில்லை. அண்ணி இன்னும் வேலை முடிந்ததும் பராமரிப்பு இல்லம் போகும் பேருந்தில் ஏறிவிடுகிறார். இரண்டு நிறுத்தம் கழித்து இறங்கித் திரும்பி வருகிறார்.

நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பது ஒரு பேச்சை. பராமரிப்பு இல்லத்துக்குப் போவதற்கு முந்தைய மாதங்களில் ஒருநாள், உட்லண்ட்ஸ் கடலோரத்தில் ஜொகூரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அவர் திடீரென்று கேட்டார்: "அப்பவே யாராவது வந்து சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்னு நினைக்கிறியா, கீப்பர்?"

அவரே சொன்னார்.

"மாட்டேன். சொன்னவனைப் பாத்துச் சிரிச்சிருப்பேன். ஆடறவன்கிட்டப் போய்க் கேட்டா, நான் ஆடறேன்னுதான் சொல்லுவான். அதனால அவன்கிட்டக் கேக்கக் கூடாது. கேக்காம நிறுத்தணும்."

அவர் முழுதாகப் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி. அவருடைய சட்டையோ பதக்கமோ என்னிடம் இல்லை. சனிக்கிழமைகளில் நான் பயிற்சி தரும் சிறுவர்கள் பந்தைத் தலையால் தொடுவதில்லை. உயரமாக வரும் பந்தைக் கீழே விழவிட்டுக் காலால் எடுக்கிறார்கள். சில அப்பாக்கள் சண்டை போட்டார்கள். இரண்டு பேர் பிள்ளைகளை வேறு குழுவுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மிச்சமுள்ளவர்களில் சிலர், ஒரே ஒரு தடவை முட்டிப் பார்க்கட்டுமா என்று ஆசையாக வந்து நிற்கிறார்கள். நான் காரணம் சொல்வதில்லை. அவர்கள் விருப்பத்தைக் கேட்பதும் இல்லை.